என் ரத்தம் சொன்ன சாட்சி

ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு,

வணக்கம். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய உங்களுக்கு, கல்யாணமான புதிதில் கேலியாக நான் வைத்த பெயர் இது. இன்று கேலி இல்லாமலே எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் உடனே மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவீர்கள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தூக்கி உட்கார வைக்க நான், விழாமல் பிடித்துக்கொள்ள மாடி வீட்டுத் தையல்கார அக்கா. பெற்ற பிள்ளை ஃபோனில். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உங்களைக் கூப்பிட்டேனே, பதற்றத்தில் எதையும் முடிவு செய்யாதே, மூச்சை ஆழமாக இழுத்து விடு என்றீர்கள். இத்தனை நாள் நான் மூச்சு விடாமலா இருந்தேன்? அந்த அக்காவோ பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து, டாக்டர் வெளியே வரும்வரை என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் என் படபடப்பு தானாக அடங்கியது.

தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. பாப்பா பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மேடையேறாமல் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், முன்வரிசையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்கிறாள். நான் அன்று மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையைப் பிழை திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். கூடவே போகிறபோக்கில் ஒரு வரி: வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறார்கள், நீ சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று. கட்டுரையைத் திருத்திவிட்டேன். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால், பதற்றத்தைப் பற்றிய உங்கள் ஆராய்ச்சிக்காக நடந்த சோதனை நினைவிருக்கிறதா? தம்பதிகள் போதவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்ட மூன்று பேருக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார்கள், கணக்குப் போடச் சொன்னார்கள், நடுநடுவே ரத்தம் எடுத்தார்கள். இந்த வெளிநாட்டு வேலையைப் பற்றிச் சண்டை போட்டு, நமக்குள் பேச்சே நின்றுபோயிருந்த நேரம் அது. ரிசல்ட் வந்த அன்றுதான் நீங்களாக வந்து பேசினீர்கள். வந்த மனைவிமார்களிலேயே எனக்குத்தான் ஆக்ஸிடோசின், அதான் பாச ஹார்மோன் என்பீர்களே, அது அதிகமாம். என்மேல உனக்கு எவ்வளவு பாசம், ரத்தமே சொல்லுது பார் என்று சிரித்தீர்கள். மாமாவிடமும் போய், "இவ தாங்கிக்குவாப்பா, இவ உடம்பு அப்படி" என்றீர்கள். அடுத்த வாரம் பெட்டி கட்டினீர்கள். உங்களோடு பேசக் கிடைத்ததே என்ற ஆசையில் நானும் நம்பித் தொலைத்தேன்.

இப்போது உங்கள் கட்டுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக்ஸிடோசின் பாசத்துக்கு மட்டும் சுரப்பதில்லை, நெருக்கடியிலும் சுரக்கும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால் பதற்றத்தைத் தணிக்க உதவும். அதற்குக் கீழே இன்னொன்று: கணவனின் ஆதரவு கிடைக்காத பெண்களிடம் அது அதிகமாக இருந்ததாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன, துணையைத் தேடிப் போ என்று உடம்பு கொடுக்கும் குரலாக இருக்கலாம் என்று. அந்தப் பத்தியில் ஒரு பிழைகூட இல்லை. எழுதும்போது வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? ஊருக்குத்தான் உபதேசம்.

என் உடம்பு உங்களைக் கூப்பிட்டிருக்கிறது. நீங்கள் அதைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டீர்கள். கோபம் கோபமாக வருகிறது. அதைவிட அவமானமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன் என்று மட்டும் இந்த முறை யாரிடமும் சொல்லாதீர்கள். மாமா எழுந்து நடக்கும்வரை இங்கே இருப்பேன், அது அவருக்காக. அதற்குப் பிறகு நானும் பாப்பாவும் இந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்போம் என்று நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

அங்கே குளிர் அதிகம் என்றீர்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். எதையும் இரண்டாம் முறை படித்தால்தான் உங்களுக்கு ஏறும் என்று எனக்குத் தெரியும். இதைத் திரும்பப் படிக்கும்போதாவது பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையை நான் தனியாகத்தான் படித்தேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா