நரியைச் சுட்டது யார்

ஜனவரி 12, 1875

இன்று காலையும் எட்டு மணிக்கு ஊதுகுழல். படையை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. எதிரி யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் என் கணவர் கர்னல் எவரார்ட் பிளாக்கெட், ஊதுகுழல் ஊதாமல் முட்டையைத் தொட மாட்டார். சாப்பாட்டு அறை வாசலில் பணிப்பெண்கள் நாலு பேரும் வரிசையாக நிற்க வேண்டும். நகங்களைப் பார்ப்பார். இன்று சமையற்காரியின் மேலங்கியில் ஒரு பொத்தான் குறைந்திருந்ததாம். அதற்கு அரைமணி நேரம் உபதேசம். குதிரைப்படையை நடத்திய மனிதர் இப்போது பொத்தான்களை நடத்துகிறார்.

இன்றைய சேதி: எங்கள் வட்டார நரிவேட்டைக் கூட்டத்தின் தலைவர் சர் ஆம்ப்ரோஸ் வெய்னுக்குக் கீல்வாதம் முற்றிவிட்டது. மார்ச்சோடு பதவியை விடுகிறார். அடுத்த தலைவர் யார் என்று சுற்றுவட்டாரத்துக் கனவான்கள் கூடி முடிவு செய்வார்கள். நாற்பது ஜோடி நாய்களுக்கும் சிவப்புக் கோட்டு போட்ட நூறு சோம்பேறிகளுக்கும் தலைமை. எவரார்டுக்கு இந்த உலகத்தில் வேண்டியது இது ஒன்றுதான். சேதி வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். புதுச் சிவப்புக் கோட்டுக்கு அளவு கொடுக்க லண்டன் போகப் போகிறாராம்.

மகள் ஜார்ஜியானாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அப்பா தலைவரானா நான் முன்வரிசையில குதிரை ஓட்டலாம்மா!"

"இப்பவும் அங்கதான் ஓட்டுற. போன வாரம் பாதிரியார் மேலயே ஏத்தப் பாத்தியே."

பத்தொன்பது வயது. அப்பாவின் மூளை அப்படியே வாய்த்திருக்கிறது.

ஜனவரி 20

விருந்து. பக்கத்து நாற்காலிக்காரர் வழக்கம்போல, "கிரிமியாப் போருல, குதிரைப்படை பீரங்கிக்கு நேரா பாஞ்சுதே, அந்தப் பெரிய பாய்ச்சல்ல நம்ம கர்னலும் இருந்தாரே!" என்றார். எவரார்ட் கப்பலை விட்டு இறங்கியதே அதற்கு மூன்று வாரம் கழித்து. அவர் பொய் சொல்ல மாட்டார்; சொல்லுகிறவர்களைத் தடுக்கவும் மாட்டார். குனிந்து சூப்பைப் பார்ப்பார். இருபது வருடமாக அந்தச் சூப்பை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 3

நரி வந்து போயிருக்கிறது. ஆறு கோழிகள் போயின. காலுக்கு ஐந்து விரல் உள்ள வெள்ளி டார்க்கிங் கோழிகள். முட்டையிலிருந்து நானே வளர்த்தவை. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அவைதான் உண்டு. மிச்சமெல்லாம் படைப்பிரிவுக்குச் சொந்தம்.

எவரார்டிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது!

"நரியா? நம்ம புதர்க்காட்டுலயா? பெருசா, ஹெஸ்டர்?"

மார்ச் 16 அன்று வேட்டைக்கூட்டம் எங்கள் வீட்டில் கூடப்போகிறது. கனவான்கள் குதிரையேறி வரும்போது நம் புதர்க்காட்டிலிருந்து ஒரு நல்ல நரி கிளம்ப வேண்டும். கிளம்பினால் பாதிப் பதவி கைக்கு வந்த மாதிரி. கிளம்பாவிட்டால் ஊர் முழுக்கத் தலைகுனிவு. ஆகவே என் ஆறு கோழிகள் நாட்டுக்காக உயிர்நீத்திருக்கின்றன.

பிப்ரவரி 10

இன்னும் நாலு. காட்டுக்காவலன் ஃபென்னைக் கூப்பிட்டு வேலியில் உள்ள ஓட்டையை அடைக்கச் சொன்னேன். ஃபென், எவரார்டின் படையில் குதிரைவீரனாக இருந்தவன். அவரோடு வந்தவன் அவரோடேயே இருக்கிறான். தொப்பியைக் கையில் வைத்து முறுக்கினான்.

"அடைக்கக் கூடாதுன்னு கர்னல் உத்தரவும்மா. நரி பசியில வேற காட்டுக்குப் போயிடுமாம்."

"அப்ப நீ சுடு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா! நரியையா?"

என் மாமியாரைச் சுடச் சொல்லியிருந்தால்கூட யோசிக்கிறேன் என்றிருப்பான். பக்கத்துச் சபைப் பாதிரியார் ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் நரியைச் சுட்டார். இன்றுவரை அவர் பிரசங்கத்தைக் கேட்பது அவர் மனைவியும் ஒரு செவிட்டுக் கிழவரும்தான். எண்பது நாய்களை ஏவிவிட்டு, மூன்று மணி நேரம் ஓடவிட்டு, கிழித்துப் போட்டால் அது வீரம். ஒரு குண்டில் முடித்தால் கொலைபாதகம். இதை என்னிடம் வளர்ந்த ஆண்கள் கண்ணீர் தளும்ப விளக்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 26

சீமாட்டி போய்விட்டாள். பரிசு வாங்கிய என் பெட்டைக்கோழி. இறகு மட்டும் வாசற்படி வரை கிடந்தது.

பிப்ரவரி 27

சுட்டேன்.

விடியும்போது எழுந்து, எவரார்டின் காக்கை சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைக்கோலில் உட்கார்ந்தேன். சிறுவயதில் அப்பாவின் தோட்டத்தில் காக்கைகளைச் சுட்டுப் பழகிய கை. நரி வேலி ஓட்டை வழியாக, விருந்துக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி நிதானமாக வந்தது. இரண்டு குண்டு. முதலாவது வேலிக்கு.

சத்தம் கேட்டு ஃபென் ஓடி வந்தான். நரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண்வெட்டி கொண்டுவந்து காய்கறித் தோட்டத்தில் எருக்குழிக்கு அடியில் புதைத்தான்.

"நான் எதையும் பாக்கலம்மா. நீங்களும் பாக்கல," என்றான். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 15

நாளைக்கு நூறு பேர். பன்றித்தொடை மூன்று, செர்ரிப் பிராந்தி இருபது புட்டி. எவரார்ட் தோட்டக்காரர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுக்கிறார். நரி வெளியே வந்ததும் யார் தொப்பியை எந்தக் கையால் தூக்கிக் கத்த வேண்டும் என்பது வரை பாடம். பாவம். கிளம்ப நரியே இல்லை. எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

மார்ச் 16

சிரித்தேனே.

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன். ஒரு மணி நேரம் புதர்க்காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்றும் கிளம்பவில்லை. எவரார்டின் காது சிவந்துகொண்டே வந்தது. கனவான்கள் வானத்தைப் பார்த்தார்கள். அப்போது நாய்கள் திடீரென்று ஊளையிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பின. தோட்டச் சுவரைத் தாண்டின. எருக்குழியைச் சுற்றி மொய்த்துக்கொண்டு — தோண்டின. அத்தனை குதிரைகளும் என் முட்டைக்கோஸ் பாத்தியில் வந்து நின்றன. நாய்கள் அதை இழுத்து வெளியே போட்டன. பதினேழு நாள் ஆகியும் குண்டு பட்ட ஓட்டை தெளிவாகத் தெரிந்தது.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு சீமாட்டி அழுதாள் — நிஜமாகவே அழுதாள்.

சர் ஆம்ப்ரோஸ் வண்டியில் உட்கார்ந்தபடியே ஃபென்னைப் பார்த்தார். "துப்பாக்கி வச்சிருக்கறவன் காவலன்தானே. பிளாக்கெட், இவனை இன்னைக்கே வெளியே அனுப்பிடுங்க. இங்க நடந்ததை நாங்க மறந்துடறோம். முப்பதாம் தேதி கூட்டத்துல உங்க பேரை நானே முன்மொழியறேன்."

ஃபென் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டை விட்டால் அவனுக்கு வேறு கூரை கிடையாது. நரியைச் சுட்டவன் என்ற பேரோடு இந்த நாட்டில் எவனும் வேலை கொடுக்க மாட்டான். நான் படிக்கட்டில் பிராந்தித் தட்டோடு நிற்கிறேன். இரண்டே வார்த்தை. 'நான்தான் சுட்டேன்.' வாய் திறக்கவில்லை. ஏன் பேசல? இத்தனை பேரையும் இளக்காரமா பாத்துட்டு இருந்தவ, அவங்க முன்னாடி வாய் ஏன் ஒட்டிக்கிச்சு?

எவரார்ட் குதிரையிலிருந்து இறங்கினார். நரியைக் குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு ஃபென்னுக்கு முன்னால் போய் நின்றார்.

"அவனை விடுங்க, சர் ஆம்ப்ரோஸ். சுட்டது நான்."

நாய்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் விடைபெறவில்லை. பன்றித்தொடை மூன்றும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 17

ஊதுகுழல் இல்லை. துப்பாக்கி அறையில் இருந்தார். கதவை மூடிவிட்டுச் சொன்னேன்.

"எவரார்ட், அந்த நரியைச் சுட்டது நான்."

துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும்."

"ஃபென் சொன்னானா?"

"அவனாவது சொல்றதாவது. குண்டு பட்ட இடத்தைப் பாத்தேன். ஃபென் சுட்டா தலையில பட்டிருக்கும். இது பின்தொடை. இந்த வீட்ல பின்தொடையில சுடற ஆளு நீ ஒருத்திதான்."

எனக்குக் கோபம் வந்தது. அரை இருட்டு, பனி, கை விறைத்துப் போயிருந்தது — இதையெல்லாம் சொன்னேன். பிறகுதான் நான் எதற்கு வந்தேன் என்று ஞாபகம் வந்தது.

"ஃபென்னை அனுப்பியிருந்தா பதவி கிடைச்சிருக்குமே."

"அவனுக்கு அம்பத்தெட்டு வயசு, ஹெஸ்டர். எங்க போவான்?"

"என்னைச் சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? அந்தக் கூட்டம் உன்னை நின்னு வேடிக்கை பாக்கவா?" மூக்கைச் சிந்தினார். சளி என்றார். சளி இல்லை. "அடுத்த தடவை தோளுக்குப் பின்னால குறி வை. பின்தொடையில பட்டா சட்டுனு உயிர் போகாது, பாவம்."

மார்ச் 20

சர் ஆம்ப்ரோஸிடம் நேரில் போனேன். யாரிடமும் சொல்லாமல், குட்டிக்குதிரை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: கோழி, வைக்கோல், இரண்டு குண்டு. கண் கலங்கிவிட்டார்.

"என்ன மனைவிம்மா நீங்க! புருஷன் மானத்தைக் காப்பாத்த இப்படியொரு பழியைத் தலையில போட்டுக்கறீங்களே."

"பழி இல்ல சர் ஆம்ப்ரோஸ், நான் சுட்டேன்."

"சரி, சரி. பொம்பளைங்க எங்கயாவது நரியைச் சுடுவாங்களா?"

"காத்துத் திசை காட்டிக்கிட்டு உங்க கூரை மேல சுத்துதே தகரச் சேவல், ஒரு துப்பாக்கி குடுங்க, இங்கருந்தே சுட்டுக் காட்டறேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். மணியடித்து எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். இப்படிப்பட்ட மனைவிக்கு இப்படியொரு கணவன் வாய்த்ததை நினைத்தால்தான் வருத்தம் என்றார். தேநீரை அவருடைய பூச்சட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்லப் போய் அவரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டேன்.

மார்ச் 31

தலைவர்: இளைய ஹார்ன்பி. குதிரையிலிருந்து விழுவதில் பெயர் பெற்றவன்.

ஜார்ஜியானா இரண்டு வாரமாக அப்பாவோடு பேசுவதில்லை, ஒரே மேசையில் உட்காருவதில்லை. நடனத்தில் யாரும் அவளைக் கூப்பிடவில்லையாம். இன்று அவளை உட்கார வைத்துச் சொன்னேன். வாயைப் பிளந்தாள்.

"நீங்களா? நீங்களாம்மா? ஐயோ, நான் அப்பாகிட்ட என்னென்ன சொல்லிட்டேன் தெரியுமா?"

குதிரை லாயத்துக்கு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார், வழக்கமாகக் குதிரைகளைத் தட்டுகிற அதே விதத்தில். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான்.

மே 4

தையற்காரரிடமிருந்து சிவப்புக் கோட்டு வந்தது. பிரித்தார். பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அலமாரியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஜூலை 19

நாலு மாதத்தில் எங்கள் வீட்டு வாசல் மிதித்தவர்கள்: மருத்துவர், நரியைச் சுட்ட அந்தப் பாதிரியார். பாதிரியார் எவரார்டின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குலுக்கினார். தனக்கொரு துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

ஃபென் வேலையை விட்டுவிடுவதாக வந்து நின்றான். "உத்தரவு மறுக்கப்படுகிறது" என்று எவரார்ட் கத்தினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன். எரிச்சல் வரவில்லை.

நவம்பர் 1

வேட்டைப் பருவத்தின் முதல் நாள். வேட்டைக்கூட்டம் எங்கள் வாசல் சாலை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. எவரார்ட் காலையிலேயே பழைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிவாசலில் போய் நின்றார். உள்ளே இருக்கலாமே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன்.

நாய்கள் போயின. ஹார்ன்பி போனான். நூறு குதிரைகள், ஒருவர் தொப்பியையும் தொடவில்லை. எங்கள் வாசல் இருப்பதே தெரியாத மாதிரி எல்லாரும் எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்தார்கள். எவரார்ட் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், மனிதர்களுக்காக அல்ல, குதிரைகளுக்காக. கண் அவற்றின் கால்களிலேயே இருந்தது.

"ஹார்ன்பியோட அந்தச் செங்குதிரை கிறிஸ்துமஸ் தாண்டாது," என்றார் தனக்குத்தானே. "நொண்டிடும்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேலிதான் செய்கிறேன் என்று முதலில் நினைத்தார். முகத்தில் தெரிந்தது. பிறகு மெல்ல ஆரம்பித்தார். குளம்பு, கணுக்கால், எடையை எந்தக் காலில் போடுகிறது, லாடம் எங்கே தப்பு. கடைசிக் குதிரை திருப்பத்தில் மறைந்தும் நிறுத்தவில்லை. மழை தூற ஆரம்பித்தும் நிறுத்தவில்லை. மதிய உணவு ஆறிக்கொண்டிருந்தது.

நான் அத்தனையும் கேட்டேன்.