கக்கூஸ் சத்தத்தைக் கழுவியவர்கள்

வாய் ஓயாத என் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து, போன சனிக்கிழமை உங்களைப் புனிதராக்கிவிட்டார்கள். சிட்னி பென்டில் ஹில்லில் தமிழ்ச் சங்கம் உங்களுக்கு விழா எடுத்தது. வாசலில் உங்கள் பெரிய படம், நெற்றி நிறையத் திருநீறு. நீங்கள் திருநீறு பூசி நான் கண்டதேயில்லை. கம்பியூட்டரில் பூசிவிட்டிருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே, 'அவுஸ்திரேலிய ரொக் அன்ட் ரோலின் தமிழ்த் தந்தை' என்று எழுதியிருந்தது. மாலை போட்டுக் கண்ணைத் துடைத்தவர் சங்கத் தலைவர். இதே மனிசன்தான் உங்கள் செத்தவீட்டில் கதிரையில் இருந்துகொண்டு, "படிக்க வந்த இடத்தில கூத்தாடித் திரிஞ்ச ஆள்" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னவர். நான் குசினிக்குள், அடுப்படியில் நின்று கேட்டேன். சனிக்கிழமை அவர் மூக்கை உறிஞ்சியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் கிற்றார் வாசித்த ஸ்டூடியோவின் வரலாறு என்று ஒரு படம் போட்டார்கள். வயலின் அழ, அடிக்குரலில் ஒருவர், "அது ஓர் இசைக்கோயில்" என்றார். கோயிலாம். சிட்னியில் வெண்ணெய் அடுக்கிவைத்த பழைய கிடங்கு அது, மழை பெய்தால் மணக்கும் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

எதிரொலிக்கு மெசின் வாங்க வக்கில்லாத முதலாளி, கக்கூசுக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தாராமே. பாடுகிற குரல் அங்கே போய், டைல்ஸ் சுவரில் மோதித் திரும்பி, ஒலிநாடாவில் ஏறும். ஆகையால் பாட்டு முடியும்வரை ஒருவரும் ஒன்றுக்குப் போக முடியாது. பியர் குடித்துவிட்டு வந்த ட்ரம்காரன் அடக்க மாட்டாமல்தான் வேகமாக அடித்தான், இந்த நாட்டு ரொக் அன்ட் ரோல் வேகமானதே அப்படித்தான் என்பீர்கள். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு மெல்பேர்ன்காரர்களும் தங்கள் கக்கூசுகளுக்கு மைக்கைக் கொண்டுபோனார்கள் என்றீர்கள். அது உண்மையா, உங்கள் வழக்கமான புளுகா?

சங்கத்தின் படத்தில் கக்கூஸ் இல்லை. 'இயற்கையான அரங்க அதிர்வு' என்று சொல்லித் தப்பிவிட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் நீங்கள் அங்கே பாடிய ஒரே தமிழ்ப் பாட்டைப் போட்டார்கள். அந்தப் பாட்டுக்கு மிச்சமிருப்பது என்னிடமுள்ள ஒரு இசைத்தட்டுத்தான். பிரதி எடுக்கவென்று தலைவரின் மகனிடம் கொடுத்திருந்தேன். மண்டபத்தில் கேட்டால், துளி எதிரொலி இல்லை. வங்கிக்கு ஃபோன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லும் குரல் போல இருந்தீர்கள். சனம் கைதட்டியது.

"தம்பி, இது என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்று மகனைக் கேட்டேன்.

"ஏஐல கிளீன் பண்ணினது அன்ரி. ஏதோ ரொய்லெட்டுக்குள்ள நிண்டு பாடின மாதிரி இருந்தது. நொய்ஸ் எல்லாம் எடுத்தாச்சு."

"மைக் கக்கூசுக்குள்ளதான் ராசா இருந்தது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். தலைவர் பொன்னாடையோடு வந்தார். "இனி நாங்கள் வெளியில விடுறது இந்தச் சுத்தமான பாட்டைத்தான் அக்கா. பழைய தட்டைச் சங்கத்துக்குத் தாங்கோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைப்பம்."

அண்ணா, எதிரொலி போனதற்கு மட்டும் நான் கொதிக்கவில்லை. பழைய தட்டில் பாட்டு முடிந்து, கிற்றார்க் கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போது, "சரியோ?" என்று கேட்பீர்கள். பாட்டு முழுக்க அமெரிக்கன் மாதிரி மூக்கால் பாடுகிற நீங்கள், அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீட்டு ஆள். நீங்கள் இருந்த காலத்தில் ஃபோனில் குரல் பிடிக்கிற வழக்கம் இல்லை. நீங்கள் பேசியதில் எனக்கு மிஞ்சியது அந்தச் சொல் மட்டுந்தான். அதையும் நொய்ஸ் என்று வெட்டி எறிந்துவிட்டு நிற்கிறது அந்தப் பிள்ளை.

பொன்னாடையை வாங்கித் தலைவரின் தோளிலேயே போட்டேன். "தட்டைத் தாங்கோ. என்னைக் கேளாமல் இந்தக் கழுவின பாட்டை வெளியில விட்டியளெண்டால் லோயரோட வாறன்" என்றேன். மகன் காருக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தான். "வயசு போனால் இப்பிடித்தான்" என்று தலைவர் முணுமுணுத்தது மைக்கில் நன்றாகக் கேட்டது. அதை மட்டும் ஒருவரும் கிளீன் பண்ணவில்லை.

நகரத்தில் ஒரு ஒலி ஆவணக் காப்பகம் இருக்கிறது. தட்டில் உள்ளதை உள்ளபடி, கீறல் சத்தத்தோடு பிரதி எடுப்பார்களாம். செவ்வாய்க்கிழமை ரயிலேறிக் கொண்டுபோகிறேன். கடைசிவரை பக்கத்தில் நிற்பேன், உங்கள் "சரியோ?" வந்து முடியுமுன் ஊசியைத் தூக்க விடமாட்டேன். இது சத்தியம்.

அன்றைக்கு நீங்கள் யாரைக் கேட்டீர்கள் அண்ணா? அந்த அறையில் தமிழ் விளங்கியவர் ஒருவரும் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் இருப்பேன்.

உங்களைப் போலவே வாய் காட்டும் தங்கச்சி,
பவளம்
கிரவீன், சிட்னி