இரண்டாவது பொத்தான்

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள செபாஸ்ட்டி,

நான் நலம். நீயும் லிஸ்ஸியும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே ஆறு நாளாக மழை விடவில்லை. துணி காயவில்லை. தாளும் ஈரமாக இருப்பதால் பிரெயில் புள்ளிகள் சரியாக எழும்பவில்லை. விரலைக் கொஞ்சம் அழுத்திப் படி.

கணினி இருக்கும்போது ஏன் ஊசியால் குத்திக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பாய். ஆசிரியர் அறையில் என் கணினிக்குப் பின்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். இந்தத் தாளை மேஜையில் விரித்துப் போட்டாலும் அங்கே ஒருவருக்கும் படிக்க வராது.

என்மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.-வின் தலைவர் கணாரேட்டன் முதல் கையெழுத்து. கீழே பதினேழு பேர். தலைமையாசிரியை சுலோசனா டீச்சர் மனுவை எனக்கு வாசித்துக் காட்டினார்: பவித்ரன் மாஷ் நல்லவர், நன்றாகப் பேசுவார். ஆனால் புரொஜெக்டர் வைத்த ஹைடெக் அறை இருந்தும் பத்து பி-யில் சமூக அறிவியல் மட்டும் வாய்ப்பாடமாகவே நடக்கிறது. பார்வையில்லாத ஒருவர் திரையை வைத்து எப்படிப் பாடம் நடத்துவார். பொதுத்தேர்வு வகுப்பு. 'நல்லவர்' என்ற இடத்தில் டீச்சரின் குரல் தணிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கணாரேட்டனே மறுநாள் வந்தார். ஒளிக்கவில்லை. மாஷே, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பத்து பி-யில இருக்கற என் பொண்ணு ஒரு வருஷம் முந்தி பொறந்திருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன் என்றார். பிறகு என் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

வருகிற வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து என் வகுப்பில் உட்காருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பத்து பி போய்விடும். எனக்கு நூலகப் பொறுப்பு. நாலாயிரம் புத்தகங்கள். ஒன்றையும் என்னால் படிக்க முடியாது. சாவி மட்டும் என்னிடம் இருக்கும்.

அதனால் போன புதன்கிழமையிலிருந்து ஹைடெக் அறைக்கு மாறிவிட்டேன். பார்வையில்லாத ஆசிரியர்களுக்கான விடுமுறை முகாமில் நீ சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம். இடது காதில் கணினியின் குரல். வலது காது வகுப்புக்கு. ரிமோட்டில் மேல் பொத்தான் ஒரு தடவை. அதன் கீழே இருக்கும் இரண்டாவது பொத்தான் ஒரு தடவை. கையை உயர்த்தினால் மேலே புரொஜெக்டரின் சூடு தெரிகிறது, இரைச்சல் கேட்கிறது. இரைச்சல் இருந்தா படம் இருக்குடா என்று நீ சொன்னதை மந்திரம்போலச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாள் ஆரம்பத்தில் தெரிகிறதா என்று கேட்டேன். தெரியுது மாஷே என்றார்கள். கொஞ்சம் சிரித்தார்கள். ரிதுல் என்று ஒருவன், எப்போதும் அவன்தான் ஆரம்பிப்பான். பிறகு அடங்கிவிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது நாள் அந்த வகுப்பில் நான் அறிந்திராத அமைதி. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி. ஒவ்வொன்றாகப் படம் மாற்றினேன். பேனாச் சத்தம் மட்டும்.

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதனாலோ என்னவோ, தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு எனக்காக ஒரு நிமிடம் பிரார்த்தி. நான் நம்பாவிட்டாலும் நீ செய்.

உன்,
பவித்ரன்


ஜூலை 9, புதன்

செபாஸ்ட்டி,

மழைக்காக கலெக்டர் விடுமுறை விட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு அறிவிப்பு. எங்கள் தெருப் பிள்ளைகள் கலெக்டருக்கு ஜே போட்டார்கள். எனக்கும் ஒரு நாள் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்று நான்காவது பீரியட் முடிந்து கணினியை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்தது கணக்கு. லத்தீஃப் மாஷ் உள்ளே வந்தார். என்ன மாஷே, பேய்ப்படம் ஓட்டறீங்களா, திரை கன்னங்கரேல்னு கிடக்கு என்றார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போதுதான் மறைத்தேன் என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகு ஆசிரியர் அறையில், வேறு எதற்கோ கேட்பதுபோல, அந்த ரிமோட்டில் எது எது என்று லத்தீஃபிடம் கேட்டேன். மேலே இருப்பது உயிர் கொடுக்கும் பொத்தான். இரண்டாவது, திரையைக் கறுப்பாக்கும் பொத்தான். ஆசிரியர் பேசும்போது பிள்ளைகள் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்களாம். அதை அழுத்தினாலும் மேலே சூடு இருக்கும். இரைச்சலும் இருக்கும்.

ஐந்து வகுப்பு, செபாஸ்ட்டி. ஒவ்வொரு நாளும் நானே திறந்து, நானே மூடி, கறுப்புத் துணியைக் காட்டி ஆறுகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இதோ பாருங்கள், கோதாவரி இங்கே கிளை பிரிகிறது. கையை வேறு நீட்டியிருக்கிறேன்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் ஜுமானா நின்றிருந்தாள். பத்து பி-யில் முதல் பெஞ்ச். குரலை வைத்து அடையாளம் கண்டு கேட்டேன். ஒரு பேருந்து போயிற்று. பிறகு சொன்னாள். முதல் நாள் சிரிக்கத்தான் செஞ்சோம் மாஷே. எத்தனை நாள்ல கண்டுபிடிப்பீங்கன்னு ரிதுல் பந்தயம் கட்டினான். ரெண்டாவது நாள் சொல்லலாம்னு நினைச்சோம். முதல் நாளே சொல்லலையே, இப்ப எப்படிச் சொல்றது. மூணாவது நாள் மனு விஷயம் தெரிஞ்சுது. அப்புறம் யாருக்கும் வாயே வரலை.

ரிதுலுக்குமா என்று கேட்டேன். அவன்தான் மாஷே, எவனாவது வாயைத் திறந்தா உதைப்பேன்னு சொன்னது என்றாள்.

நான் இதை இரக்கம் என்று எடுத்துக்கொள்வதா, அவமானம் என்று எடுத்துக்கொள்வதா. முப்பத்தாறு பேர், ஒரே மௌனம். அதற்குள் கேலி இருந்தது. பயம் இருந்தது. வெட்கம் இருந்தது. எனக்கு அது ஒழுக்கமாகக் கேட்டது. பதினோரு வருடமாகக் காதை நம்பிப் பிழைக்கிறவன் நான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாளுக்குப் பிறகு தெரிகிறதா என்று நான் கேட்கவேயில்லை. கேட்க மறக்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். மனுவில் அவர்கள் எழுதியதும் அதைத்தானே.

இரண்டாவது பொத்தானின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். இனி அது அழுந்தாது. வெள்ளிக்கிழமை பாடம் நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்னால் என்ன முகத்தோடு நிற்பது.

உன்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. முகாமில் ஏன் அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னாய் என்று யோசித்துப் பார். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளை கிடைத்ததும் கூப்பிடு.

பவித்ரன்


ஜூலை 12, சனி

அன்புள்ள செபாஸ்ட்டி,

வியாழக்கிழமை நீ கூப்பிட்டாய். போனில் நான் அதிகம் பேசவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் பத்து பி.

வியாழன் காலை பத்து பி-க்குள் போனதும் ஐந்து வகுப்பு திரை கறுப்பாக இருந்தது எனக்குத் தெரியும் என்றேன். விசிறிச் சத்தம் கேட்டது. ஒன்று நீங்கள் சொல்லவில்லை, ஒன்று நான் கேட்கவில்லை, கணக்கு சமம் என்றேன். ரிதுல் எழுந்து நின்றான் என்று பெஞ்ச் நகர்ந்ததில் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். நான் பிரமாதமாகப் பேசினேன் என்று நினைக்காதே. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

வெள்ளி, இரண்டாவது பீரியட். மேடம் கடைசி பெஞ்சில். குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுலோசனா டீச்சர், வாசலில் கணாரேட்டன். மேல் பொத்தான் அழுத்தினேன். தெரிகிறதா என்று கேட்டேன். தெரியுது மாஷே. எல்லாரும் ஒன்றாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னார்கள். அதனால் நம்பினேன்.

பதினைந்து நிமிடம் நன்றாகப் போயிற்று. பெரியாறு, பாரதப்புழா. எட்டாவது படத்துக்கு மாற்றியபோது இடது காதிலிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது. தட்டினேன். ஒன்றுமில்லை. வயரை அழுத்தினேன். ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பதிலாக வைத்திருந்ததும் போயிற்று.

அப்போது வகுப்பு அமைதியாயிற்று. அதே அமைதி.

மேடத்தின் பேனா ஓடியது. பேசிக்கொண்டே போகலாம் என்று தோன்றியது. ஆறுகள் எனக்கு மனப்பாடம். பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் மணி அடித்துவிடும். பிள்ளைகளிடம் கேட்டால் அவர் எழுதிக்கொள்வார். கேட்காவிட்டால் அவர் கண்ணாலேயே பார்ப்பார்.

ரிதுல், திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அவன் பெஞ்ச் நகர்ந்தது. பிறகு, மேப் மறைஞ்சுபோச்சு மாஷே, நடுவுல ஒரு பெட்டி நிக்குது என்றான். என்ன எழுதியிருக்கிறது என்றேன். இப்பவே அணைச்சுத் திறக்கவா, அப்புறமாவான்னு கேக்குது. கீழே எண்ணிக்கை ஓடுது. நாப்பத்திரண்டு. நாப்பத்தொண்ணு.

உனக்குத் தெரியும், தப்பாக அழுத்தினால் கணினி அணைந்து அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். எது நிறம் மாறியிருக்கிறது என்றேன். 'இப்பவே'ங்கறது மாஷே. நகர்த்தும் விசையைத் தட்டினேன். இப்போது? அப்படியே இருக்கு. இன்னொரு தடவை. மாறிருச்சு மாஷே, 'அப்புறம்'ல இருக்கு, அடிங்க.

பந்தயம் கட்டினவன். அவன் சொல் மட்டும்தான் என் கையில் இருந்தது. பின்னால் யாரோ பதினெட்டு, பதினேழு என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

அடித்தேன்.

மேப் வந்திருச்சு மாஷே என்று ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். சத்தம் போடாதீங்கடா என்று ஜுமானா கத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கேட்டேன். எங்கே பிரிகிறது, எந்த நிறம், எந்தப் பக்கம் சாய்கிறது. ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் பாய்ந்தார்கள். பாரதப்புழாவைக் கர்நாடகத்தில் உற்பத்தியாக்கின ஒருவனை மேடமே திருத்தினார்.

அவர் அறிக்கையில் எழுதியதை சுலோசனா டீச்சர் எனக்கு வாசித்தார். பாடம் நடத்த ஆசிரியருக்கு மாணவர்களின் உதவி தேவைப்படுகிறது. ஒரே வரி. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மனுவுக்குச் சாதகமா, எனக்கா என்று அதைக் கேட்டுச் சொல்ல முடியவில்லை. சரி என்றால் கையெழுத்துப் போடணுமாம். உண்மைதான் என்று சொல்லிப் போட்டேன்.

லத்தீஃப் மாஷுக்குத் தாங்கவில்லை. எதுக்கு ஒத்துக்கிட்டீங்க என்று சண்டைக்கு வந்தார். பசங்க இல்லாம நானும்தான் அந்த ரிமோட்டைத் தொடமாட்டேன், எனக்கு எவனாவது அப்படி எழுதினானா என்றார். கணாரேட்டன் கேட்டுக்கொண்டு நின்றார். சாயா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

ஓண விடுமுறைக்கு முந்தைய தேர்வு வரை பத்து பி எனக்கு. மதிப்பெண் பார்த்துப் பிறகு முடிவு. அவ்வளவுதான் கிடைத்தது.

இனி உன் விஷயம்.

போனில் நீ சிரித்தாய். உனக்கு விரல் தடுமாறியிருக்கும்டா, நான் ரெண்டு வருஷமா அதே பொத்தானைத்தான் அழுத்தறேன், என் வகுப்புல ஊசி விழுந்தா கேக்கும் என்றாய். மழை, சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று லத்தீஃபிடம் கேட்டேன். எல்லாப் பள்ளிக்கும் வந்தது ஒரே மாதிரி புரொஜெக்டர், ஒரே மாதிரி ரிமோட் என்கிறார். உன் பள்ளிக்கு வந்தது வேறாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் இரவு முழுக்க நினைத்தேன்.

வருகிற மாதம் நம்மைப் போன்ற எட்டுப் பேருக்கு நீ பயிற்சி கொடுக்கப்போகிறாய். அவர்களுக்கு எந்த விசையையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், உன் நன்மைக்காகச் சொல்கிறேன், திங்கட்கிழமை முதல் பீரியடில் புரொஜெக்டரைப் போட்டுவிட்டு உன் பிள்ளைகளிடம் கேள். என்ன தெரிகிறது என்று கேள். தெரிகிறதா என்று கேட்காதே, ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உடனே பதில் வராது. கோபப்படாதே. அவர்கள் சொல்லும்வரை நின்றுகொண்டிரு.

அன்று மாலை நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

என்றும் உன்,
பவித்ரன்