கை எங்கே இருந்தது

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல். அவ்வளவுதான் என்னால் முடிந்த நலம் விசாரிப்பு. மற்றதெல்லாம் கோபம்தான். நான்கு முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போலீஸ் அறிக்கை நேற்று வந்தது. இரண்டே பக்கம். அந்த வங்கி வாசலில் பதினாறு வருஷம் காவலுக்கு நின்ற என் வீட்டுக்காரரை அதில் 'ஆயுதம் வைத்திருந்த நபர்' என்று எழுதியிருக்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் ஓடிப்போன பிறகு உள்ளே நுழைந்த போலீசாரை நோக்கி அந்த நபர் துப்பாக்கியை நீட்டினாராம். அதனால் ஒரு முறை சுட்டார்களாம். கழுத்தில் பட்டதாம். தவறுதலாக நேர்ந்துவிட்டதாம், வருந்துகிறார்களாம். கேமரா அன்றைக்கென்று பார்த்து வேலை செய்யவில்லை. 'துப்பாக்கி கீழ இருக்கு சார்' என்று அவர் கத்தியதைக் கேட்டதாக முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத கேஷியர் பெண்ணுக்கு இப்போது எதுவுமே ஞாபகம் இல்லை.

அறிக்கையைக் கொண்டுவந்த அதிகாரி நம் கூடத்தில் உட்கார்ந்து, 'உங்க வீட்டுக்காரர் பெரிய வீரர்மா, விருதுக்கு எழுதியிருக்கோம்' என்றார். அதே மூச்சில், எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று அச்சடித்த தாளையும் பேனாவையும் நீட்டினார். வீரர் என்றால் ஏன் சுட்டீர்கள், சுட வேண்டிய ஆள் என்றால் விருது எதற்கு, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். மனுஷன் பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

நீ போன வருஷம் லீவில் வந்திருந்தபோது சமையலறையில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? நீ பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கி வாத்தியார் ஆயிற்றே, வீட்டுக்கு வந்தாலும் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாது. 'மாப்ளே, எப்பவாவது போலீஸ் உள்ள வந்தா, கையில துப்பாக்கி இருக்கக் கூடாது. கீழ வை, தள்ளி விடு, மண்டி போடு, ரெண்டு கையையும் பின்னந்தலையில கோத்துக்கோ' என்று என் கரண்டியைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாய். அவர் கரண்டியைத் தரையில் வைத்து, மண்டி போட்டு, ஐயோ அம்மா என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். முட்டிவலிக்காரனுக்கு வேறு வழி இல்லையா மச்சான் என்று கேட்டார். 'வலிச்சா வலிக்கட்டும், உயிர் மிஞ்சும்ல' என்றாய். சிரித்து சிரித்து எனக்கு அடுப்பில் பால் பொங்கிப் போனது.

இப்போது ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு வா. பிணவறைக்குள் உன்னையும் என்னையும் மட்டும்தான் விட்டார்கள். அவருடைய வலது கையைப் பார்த்தேன். புறங்கையில் நுழைந்து உள்ளங்கை வழியாக வெளியே வந்த ஓட்டை. குண்டு பட்டது பின்கழுத்தில். அண்ணா, கை, என்று நான் சொல்வதற்குள் நீ துணியை இழுத்து மூடிவிட்டாய். 'பாக்காதேம்மா' என்றாய். தங்கச்சி மனசு தாங்காது என்று மூடியதாக அன்றைக்கு நினைத்தேன். என் அண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும் என்றுகூட நினைத்தேன், பார்த்துக்கொள்.

அறிக்கையில் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் தாளிலும் இல்லை. சுற்றிக் கொடுத்த துணியைப் பிரிக்காமலே எரித்துவிட்டோம், அந்தக் கையும் இப்போது இல்லை. பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சொன்னால் புருஷனைப் பறிகொடுத்தவளின் புலம்பல் என்பார்கள். நீ சொன்னால் அப்படித் தள்ளிவிட முடியாது. கையைப் பின்னந்தலையில் கோத்திருந்தால்தான் குண்டு அப்படிப் போகும் என்று உனக்குப் பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. எனக்கு இரண்டு மாசம் ஆனது.

சுட்டவர் உன்னிடம் பயிற்சி எடுத்தவர் என்று அந்த அதிகாரியே வாய்தவறிச் சொல்லிவிட்டார். 'உங்க அண்ணன் கிட்ட படிச்ச பையன்தான்மா, தங்கமான பையன்.' அதனால்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயா? அந்தப் பையன் வாழ்க்கை கெட்டுவிடும் என்றா, உன் பிரமோஷன் போய்விடும் என்றா? இரண்டு பேருக்கும் நீதான் சொல்லிக் கொடுத்தாய் அண்ணா. ஒருவர் நீ சொன்னபடியே செய்தார், அந்த முட்டியோடு மண்டி போட்டார். நீ இப்போது மற்றவரைக் காப்பாற்றுகிறாய்.

மகள் பள்ளிக்குச் சுற்றுவழியில் போகிறாள். காவல் நிலையம் இருக்கும் தெரு வேண்டாமாம். நேற்று அறிக்கையை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, 'மாமா யாரு பக்கம்மா?' என்று கேட்டாள். உன்னை விட்டுக்கொடுத்து இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. அவளிடம், சாப்பிட வா என்றேன்.

வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நீதிபதி முன்னால் விசாரணை. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். நீ யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். உன் மாணவரைத் திட்டவும் வேண்டாம். எனக்காக அழவும் வேண்டாம். வந்து நின்று, அவர் கை எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

நீயும் அண்ணியும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இந்த வியாழன் வரைக்குமாவது,
உன் தங்கை