சபையில் மூன்று முறை படித்த பெயர்

காரைக்கால், செப்டம்பர் 1956

அன்பு மகன் ஜெய்னுலாபுதீனுக்கு வாப்பாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையில் என் மானம் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், சைகோனில் உன் சுகத்துக்கு எழுது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிச் சட்டசபையிலிருந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அப்படிச் செய்யவில்லை, மூன்றாம் வகுப்போடு நானே வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் அபினியோடு ஒருவன் பிடிபட்டான், தோணியில் கூலிக்குப் போகிறவன், அவன் பெயரும் என்னைப்போல முகைதீன் பிச்சை. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் திரும்புவோம், அதற்குத்தானே பாய்க்கடை, தோணி என்று முன்னால் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறோம். பத்திரிகைக்காரன் அதை விட்டுவிட்டுக் காரைக்கால் வியாபாரி முகைதீன் பிச்சை என்று போட்டுவிட்டான். உன் தங்கை ஜன்னத்துக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே ஆள் அனுப்பி, மாப்பிள்ளையோட வாப்பா சைகோன்லேர்ந்து எழுதட்டும், அதுவரைக்கும் பேச்ச நிறுத்தி வைங்க என்று சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர்ச் சட்டசபை மெம்பர் இதைச் சபையில் கேட்கிறேன் என்றார், நானும் உன் கோட்டை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். ஒருவர் போலீஸ் தூங்குகிறது என்றார், ஒருவர் பத்திரிகைகள் காசுக்கு எழுதுகின்றன என்றார். நம் மெம்பர் பத்திரிகையின் ஒழுங்கைக் காட்டுகிறேன் என்று அந்தச் செய்தியை என் பெயரோடு மூன்று முறை உரக்கப் படித்தார். அது இந்த மனுஷன் இல்லை என்று சொல்ல வருவதற்குள் மணி அடித்து, ஏதோ வரி மசோதாவை எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, ஐயா மிச்சத்தையும் சொல்லச் சொல்லுங்க, அது நான் இல்லீங்க என்றேன். அதற்குத்தான் கையைப் பிடித்தார்கள். மறுநாள் அதே பத்திரிகையில் முதல் பக்கம், முகைதீன் பிச்சை விவகாரத்தில் சபையில் அமளி என்று.

உன் உம்மா ஆஸியா பீவி கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். நான் வழக்கம்போல ஏதோ கேலி பேசினேன், ஜன்னத் என்னைப் பார்த்து, இதுக்கும் சிரிக்கணுமா வாப்பா என்று கேட்டாள். மறுநாள் காலையே பத்திரிகை ஆபீஸுக்குப் புறப்பட்டேன் தம்பி.

ஆறு நாள் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்றதில் திருத்தம் போட்டான், கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் மூன்று வரி. தேடியதில் ஒரே ஒரு தாள்தான் கிடைத்தது. அதை வெட்டி இந்தக் கடிதத்தின் அடியில் ஒட்டுகிறேன். மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் லத்தீப் கடைக்கு நீயே போய், உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, இல்லாவிட்டால் நின்றுகொண்டே, அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். கோபமாகப் பேசாதே. மழையில் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உன்னையும் உன் தொழிலையும் காப்பாற்றட்டும், தங்கைக்காக துஆ செய்.

இப்படிக்கு உன் வாப்பா,
பாய்க்கடை முகைதீன் பிச்சை
(முன்னால் இருப்பதை இனிமேல் விடுவதாக இல்லை)

பசை காய்ந்த பிறகு பார்த்தேன். திருத்தம் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. மேலே தெரிவது இருமல் மருந்து விளம்பரம்.