கட்டிப்போடச் சொல்லி வந்தவர்கள்

அக்கா,

இன்று காலை சுரங்கக் கம்பெனி ஆட்கள் பிளேக் பயத்தில், கீழ் லைன் குடியிருப்பில் எலி செத்து விழுந்த குடிசைகளைப் பிரித்து, மூங்கில் தட்டிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கணுக்கள் வெடிக்கிற சத்தமும் கருகல் நாற்றமும் மேலே ஏறி வந்தபோது நான் தண்ணீர்க் குடத்தோடு வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மே, மயக்கமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மயக்கம் இல்லை. நீ எரிந்த நாள் நெஞ்சுக்குள் வந்துவிட்டது.

மாதா கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து லைனில் யார் யாருக்கோ கடுதாசி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்த மனசுக்காக எழுதுவது இதுதான் முதல். உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் உனக்குத்தான் எழுதவேண்டும்.

நீ என்னை முதலில் பார்த்தபோது என் தலைமயிர் என் வீட்டுக்காரர் கையில் சுற்றியிருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தபோது அவர் அதிர்ந்து பேசாத மனிதர். சுரங்கத்தின் அடியில், கீழ் லெவலில் பாறை சரிந்து கூட வேலை செய்தவன் நசுங்கிச் செத்தான். அவனை மண்வெட்டியால் வாரிச் சாக்கில் போட்டது இவர்தான். அன்று சாம்பியன் ரீப்ஸ் சாராயக்கடைக்குள் போனவர் பிறகு என்னிடம் முழுதாகத் திரும்பவில்லை. ஷிப்ட்டுக்கு முன்னால் குடித்தார், பின்னால் குடித்தார், நடுவில் என்னை அடித்தார். அந்தச் சாயங்காலம் அடுப்புக் கட்டையால் என் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் மடியில் விழுந்தன. லைனில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நீ மட்டும் உலக்கையோடு உள்ளே வந்தாய்.

அவர் முழங்காலில் ஒரே அடி. அவர் விழுந்ததும் அவருடைய குடுமியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாய். "இவன் என் கொட்டாயில கெடக்கட்டும். நீ வாயக் கழுவிட்டு கஞ்சி வை" என்றாய்.

உன் கொட்டகையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். உன் புருஷன் போதையோடு, ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் ஏறப்போய், கால் தவறி ஷாப்ட் குழிக்குள் விழுந்து போனவர். அந்த வாரமே அவருடைய கூட்டாளி ஒருவன் நடுங்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றானாம். "என்னைக் கட்டிப் போடுக்கா. அவுத்துவிட்டா கடைக்குத்தான் போவேன்" என்று அழுதானாம். கிணற்றுக் கயிற்றால் அவனைக் கட்டினாய். நடுக்கம் நின்று அவன் தன் காலால் நடந்து போனான். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வெடிமருந்துப் பெட்டிப் பலகையும் மூங்கில் தட்டியும் வைத்து அவர்களே உனக்குக் கொட்டகை எழுப்பித் தந்தார்கள். பாதிரியார் ஒருமுறை வந்து புத்தி சொல்லட்டுமா என்று கேட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது கோயிலும் இல்ல, போலீசுக் கச்சேரியும் இல்லீங்க சாமி. ஒடம்பு அடங்குற வரைக்கும் படுக்கிற எடம்."

என் வீட்டுக்காரருக்குப் போதை இறங்கியதும் நீ கேட்டாய், "போறியா, இருக்கிறியா?" அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உன் முன்னால் நீட்டினார்.

அடங்குவதற்கு முன் அந்த உடம்பு பேயாகத்தான் ஆடியது. மேலே பாறை இடிகிறது என்று கத்தினார். செத்த கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது உன் கட்டைவிரலைக் கவ்வி எலும்பு தெரிகிற அளவுக்குக் கடித்தார். நீ மற்ற கையால் அவர் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாய். அவர் விட்டதும் அதே கையால் தண்ணீரைப் புகட்டினாய். நான் அழுதேன். "அழாதடி. கடிக்கிறவனுக்கு உசுரு கீதுன்னு அர்த்தம்" என்று ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாய்.

சாராயக்கடைக் குத்தகைக்காரன் அதற்கு முன்பே ஆள் அனுப்பியிருந்தான். "கடைக்கு வர்றவன எல்லாம் இஸ்துகினு போய்க் கட்டிப் போட்டா நாங்க இன்னா பண்றது?" என்று அந்தத் தடியன் உன் வாசலில் துப்பினான். "நீயும் வந்து படு. எடம் கீது" என்றாய். தண்ணீர்த் தொட்டியடியில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கடை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பகல் ஷிப்ட் ஆண்கள் எல்லாரும் சுரங்கத்தில் இறங்கிய பிறகு குத்தகைக்காரனின் ஆட்கள் வந்தார்கள். நீயும் நானும் தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தோம். புகையைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாய். மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். தட்டி வெடித்து வெடித்து எரிந்தது. உள்ளே என் வீட்டுக்காரரும், தாசன் என்ற இன்னொரு ஆளும் கட்டுண்டு கிடந்தார்கள். இரண்டு பேரும் அலறிய அலறல் லைன் முழுக்கக் கேட்டது.

நீ அடுத்த குடிசையிலிருந்து அரிவாளை எடுத்தாய். அந்தத் தடியன் கழியை நீட்டி வழி மறித்தான். நீ நிற்கவே இல்லை. அவன் முன்கையில் வெட்டினாய். கழி விழுந்தது, அவனும் விழுந்தான். நீ அவனைத் தாண்டி நெருப்புக்குள் போனாய்.

முதலில் என் வீட்டுக்காரர் வெளியே வந்து விழுந்தார். தலைமயிர் எரிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் அறுந்த கயிறு. உள்ளேயிருந்து "புடிடி அவன!" என்று உன் குரல். நான் மண்ணை வாரி அவர் தலையில் போட்டேன். நிமிர்ந்தபோது தாசன் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நீ இருந்தாய், அக்கா. உன் கை அவன் முதுகைத் தள்ளியதைப் பார்த்தேன். கூரை உன்மேல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் வாழையிலையில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் கேட்டபோது தீ வைத்தவர்களின் பெயரைத் தெளிவாகச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் கீறானுங்களா?" என்றாய். இருக்கிறார்கள் என்றேன். அடுத்த நாள் விடிந்தபோது நீ இல்லை.

நீ பெயர் சொன்னதால் எதுவும் ஆகவில்லை. அடுப்பு நெருப்பு பற்றிக்கொண்டது என்று எழுதி முடித்தார்கள். அடுத்த சம்பள நாளில் லைன் பெண்கள் எல்லாரும் உலக்கையும் ஜல்லிக்கல்லுமாகக் கடைக்குப் போனோம். பீப்பாய்களை உடைத்தோம். கணுக்கால் அளவு சாராயத்தில் நின்றுகொண்டு, வெட்டுக்காயக் கட்டோடு நின்ற அந்தத் தடியனின் வாயில் நான் கல்லால் அடித்தேன். அவன் பல் உடைகிற சத்தம் கேட்டது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் பொய் எழுத மாட்டேன். கொஞ்ச நாளிலேயே பங்காருபேட்டையிலிருந்து புதுப் பீப்பாய்கள் வந்து இறங்கி, வேறு இடத்தில் கடை திறந்துவிட்டது.

நாங்களும் திறந்தோம். அதே இடத்தில், இப்போது தகரக் கொட்டகை. என் வீட்டுக்காரரும் தாசனும் ஷிப்ட் மாற்றி மாற்றிக் காவல் இருக்கிறார்கள். இருவருமே பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஒன்றை மட்டும் உன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். கயிறு கிடையாது. போன வாரம் வந்தவன் கைகளை நீட்டி, "கட்டிப் போடும்மா" என்று கெஞ்சினான். "கவுறு இல்லப்பா. ஆளுங்க கீறோம்" என்றேன். அவன் வெறியில் முட்டியதில் என் வீட்டுக்காரரின் உதடு கிழிந்து மார்பெல்லாம் ரத்தம். அவர் அவனை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் உலக்கையைத் தூக்கிவிட்டேன். "வேணாம்மே, அடங்கிடுவான்" என்றார். கீழே வைக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

எனக்கு உன் இரக்கம் வந்திருப்பதாகக் கோயிலில் சொல்கிறார்கள். எனக்கு வந்தது உன் கோபம், அக்கா. வயது ஏற ஏற ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. லைனில் எந்தக் குடிசையில் ஒரு பெண் அலறினாலும், மற்ற கதவுகள் சாத்திக்கொள்வதற்குள் நான் தெருவில் நிற்கிறேன்.