உன் முழங்கால் வலி

என் பழைய ஆட்டத்துணைக்கு,

உனக்கு முழங்கால் வலி என்றே இரண்டு குளிர்காலமாக நம் உள்ளரங்க டென்னிஸ் கிளப்பில் சொல்லிவருகிறேன். நேற்றும், சர்வீஸ் போட்ட பந்து ஆடுகளச் சுவரோரக் கூரைச் சரிவில் உருளும் சத்தத்துக்கு நடுவே, சூப்பை ஊற்றிக்கொண்டே கிளப் தோழி ரோவினா கேட்டாள்: "இன்னுமா அவருக்குச் சரியாகல? நீயும் எத்தன நாளுதான் தைலம் தேய்ப்ப?"

தலையாட்டிவைத்தேன்.

பிரைட்டனில் நீயும் அவளும் குடியிருப்பது மூன்றாம் மாடியாம். லிஃப்ட் இல்லையாமே.

சனிக்கிழமை தம்பதியர் கோப்பை. செயலாளர் நம் பெயரையும் சேர்த்துவிட்டார். "பாவம், கால் முடியாத மனுஷன்" என்று ஒவ்வொரு கேமிலும் நமக்குப் பதினைந்து புள்ளியை முதலிலேயே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை வாங்கிக்கொண்டு ஆட எனக்கு இனித் தெம்பில்லை. நீயே வந்து எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடு.

சொல்லி முடிக்கும்வரையாவது நொண்டு.

இப்படிக்கு,
இன்னும் உன் பெயரோடு ஆடுகிறவள்